டிரிப்ஸ் ஊசிக்கு ஒரு ஞானத்தகப்பன்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் நரம்பு வீங்குவதில்லை. வாசலில் நுழைந்ததும் நீல எனாமல் பெயிண்டில் அதை எழுதி மாட்டியிருக்கிறார்கள்: "பாதுகாப்பான டிரிப்ஸ் சிகிச்சையின் முன்மாதிரி வார்டு. நரம்பு வீக்கம்: பூஜ்யம்." பூஜ்யம் மட்டும் ஓர் ஆள் உள்ளே நுழைந்து போகிற அளவுக்கு இருக்கும். நான் ஸ்ட்ரெச்சரில் போனபோது அந்தப் பூஜ்யத்துக்குக் கீழேதான் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம். வீங்குவதே இல்லை என்றால் அதற்கு எதற்குப் போர்டு? எங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருந்த வருஷங்களில் நான் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஒழுக ஆரம்பித்த பிறகு ஏறிப் பார்க்கப் போய்த்தான் கால் முறிந்தது.

காலைக் கயிற்றில் கட்டி எடை தொங்கவிட்டிருந்ததால் எனக்கு உலகம் என்பது கூரை, ஜன்னல், பக்கத்துக் கட்டில், இவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே தெருவைத் தாண்டி டான் கசிமிரோவின் சவப்பெட்டிக் கடை; டான் என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி ஒரு மரியாதைச் சொல். பக்கத்துக் கட்டிலில் எவாரிஸ்தோ யுக்ரா.

எவாரிஸ்தோவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். சந்தைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர். இடதுகைக்காரர். சவரக் கத்தி எதிர்த்திசையிலிருந்து வருவதால் முதல் தடவை உட்காருகிறவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள், இரண்டாம் தடவை தூங்கிப் போவார்கள். ஏரி மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பச்சையாகத் தின்றதில் அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. இரண்டு பாட்டில் ஏற்றினால் எழுந்து போய்விடுவார் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். கெட்ட நேரம், அன்றைக்குத்தான் முன்மாதிரித் திட்டத்துக்கு முதல் நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் நர்சை நர்ஸ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐந்து வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். பட்டதாரியம்மா என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பங்குக்கு நோயாளிகள் எல்லாரையும் அப்பா, அம்மா என்பார்கள். தொட்டிலில் கிடக்கும் ஆண் குழந்தையும் அப்பாதான். இப்படி மரியாதையாகப் பேசுகிற இடங்களில் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

தலைமைப் பட்டதாரியம்மா எடெல்மிரா நாலு பேரோடு வந்தார். பின்னால் ஆம்புலன்ஸ் டிரைவர் கேமராவோடு வந்தான். முதலில் கை கழுவும் சடங்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் காலையில் மட்டும்தான் குழாயில் தண்ணீர் வரும், இது நடந்தது மத்தியானம். அதனால் ஐவரும் வறண்ட குழாய்க்குக் கீழே வறண்ட கைகளை உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று முறைப்படி தேய்த்தார்கள். போட்டோ நன்றாக வந்திருப்பதாக டிரைவர் சொன்னான். பிறகு ஐவரும் ஒருவர் பின் ஒருவராக எவாரிஸ்தோவிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்கள். பாதுகாப்புக்காகவாம். மூன்றாவது ஆள் கேட்டபோதே அவர் குரல் கம்மிவிட்டது. ஐந்தாவது ஆளிடம், "எவாரிஸ்தோன்னுதாங்க நெனைக்கிறேன்," என்றார்.

எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, மற்றக் கையில்தான் ஊசி போட வேண்டும் என்பதும் விதியில் உண்டு. எடெல்மிரா அந்தக் கேள்வியை டிரைவரின் கேமராவைப் பார்த்துக் கணீரென்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், எல்லாரையும் போல வலதுகைதான் என்று தானே சொல்லிக்கொண்டு இடதுகையைப் பிடித்தார். எவாரிஸ்தோ வாயைத் திறந்தார்.

"அசையாதீங்க, அப்பா," என்றார் எடெல்மிரா.

ஊசி இறங்கியது. மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டர், அதன்மேல் தேதி, அதற்கும் மேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ரிப்பன் முடிச்சு. ரிப்பன் எதற்கு என்று நான் கேட்டேன். இது திட்டத்தின் முதல் ஊசி, இன்னும் திறப்பு விழா ஆகவில்லை என்று சொன்னார்கள்.  

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே எதற்கும் ஞானஸ்நானம் உண்டு. புது பஸ், புதுக் கிணறு, கால்பந்துக் குழுவின் பனியன், சிமெண்ட் கலக்கும் மெஷின், எல்லாவற்றுக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். அவர் வந்து ரிப்பன் கட்டிய ஒயின் பாட்டிலைச் சுத்தியலால் உடைப்பார், பாண்டு வாத்தியம் முழங்கும், பீர் செலவை ஏற்றுக்கொள்வார். அதற்கு முன்னால் அந்தப் பொருளைத் தொட்டுக் கழற்றினால் அபசகுனம். அதற்குப் பிறகு பொருளின் சொந்தக்காரரும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கும்பாரி என்ற உறவுமுறை ஆகிவிடுவார்கள். கூடப் பிறந்தவனிடம்கூட இல்லை என்று சொல்லலாம், கும்பாரியிடம் சொல்ல முடியாது.

ஊசிக்கு ஞானத்தகப்பனாக ஆஸ்பத்திரி டைரக்டர் டாக்டர் பாலோமினோ தேர்ந்தெடுத்தது சவப்பெட்டிக் கடை டான் கசிமிரோவை. ஆஸ்பத்திரி மேல் அவ்வளவு பிரியம் உள்ள மனிதர் ஊரில் வேறு யார் என்று டாக்டர் கேட்டார். 

மறுநாள் காலையில் எவாரிஸ்தோவுக்கு வயிறு சரியாகிவிட்டது. ரொட்டியும் கோகா இலைத் தேநீரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊசியை எடுத்துவிட்டால் கடையைத் திறந்துவிடுவேன் என்றார். எடுக்க முடியாது என்றார்கள். விழாவுக்கு மேலிடத்துப் பெரியவர் வர வேண்டும். அவர் கார் பாலத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது, ஏனென்றால் பாலத்தில் ஜனங்கள் கல்லைப் போட்டு டயரைக் கொளுத்தி மறியல் செய்கிறார்கள். எதற்காக மறியல் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் தண்ணீர் வராததற்கு என்றார்கள்.

மறியல் நாள்கணக்காக நீண்டது. ஊசியும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிளாஸ்டர் மேல் எழுதிய தேதி பழசாகத் தெரியும்போதெல்லாம் யாராவது வந்து அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். பழசான ஊசி ஆபத்து என்பது விதி, எனவே ஊசி பழசாகாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் எவாரிஸ்தோவின் புறங்கை புசுபுசுவென்று ஆகி, ஊசி முனையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு மேலே ஏற ஆரம்பித்திருந்தது. விரலை மடக்கினால் வலித்தது. கத்திரிக்கோலைப் பிடிப்பதுபோல விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இளைய பட்டதாரியம்மா ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு ஊசி மேல் கை வைத்தாள். வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டாள். திறப்பு விழா ஆகாத ஊசியைப் பிடுங்கினால் பனிமலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்களாம்.

டான் கசிமிரோ தன் ஞானப்பிள்ளையான ஊசியைப் பார்க்க ஒரு தடவை பூங்கொத்தோடு வந்தார். வெள்ளை லில்லிப் பூக்கள். சுற்றியிருந்த ரிப்பனில் தங்க எழுத்தை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். "ஆழ்ந்த" என்பது மட்டும் போகவில்லை. கட்டில் காலடியில் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

எவாரிஸ்தோவின் மனைவி பொன்சியானா என் கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தாளு இவரை மொகத்தைப் பாக்கல. நீளவாக்குல பாத்தான்."

"நானும் கவனிச்சேன்."

"தோள்பட்டைய ரெண்டு தடவை பாத்தான். எனக்கு இந்த இடமே சரியாப் படல. உங்களையும் அப்படிப் பாத்தானா?"

பார்த்தான் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கால் தூக்கிக் கட்டியிருப்பதால் அளவு சரியாகக் கிடைத்திருக்காது என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

பொன்சியானா போட்ட சத்தத்தில் பாதுகாப்பான டிரிப்ஸ் கமிட்டி கட்டிலைச் சுற்றிக் கூடியது. டாக்டர் பாலோமினோ தலைமை. எடெல்மிரா பிளாஸ்டர் வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, இது நரம்பு வீக்கம் இல்லை என்று நம்பிக்கையாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று பொன்சியானா கேட்டாள்.

"ஏன்னா அம்மா, இங்க நரம்பு வீக்கம் கெடையாது. இருந்தா போர்டுல போட்டிருப்போமில்ல."

"அப்ப இது என்ன?"

"குளிர். இவ்வளவு உசரமான ஊர்ல யாருக்குத்தான் தோல் சிவக்கல? தவிர, அப்பா கொஞ்சம் உணர்ச்சிவசப்படற ஆளு."

டாக்டர் பாலோமினோ நியாயமானவர். சிவப்பா இல்லையா என்பதை அறிவியல்பூர்வமாகத் தீர்மானித்துவிடலாம் என்றார். போர்டுக்குப் பெயிண்ட் வாங்கியபோது கடையில் கொடுத்த கலர் அட்டை ஆபீஸில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லிக் கையின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டார்கள். கமிட்டியில் இரண்டு கருத்து இருந்தது. கடைசியில் "இளம் ரோஜா" என்று ஏகமனதாக முடிவாயிற்று. இளம் ரோஜா சிவப்பு வகையில் சேராது.

டாக்டர் மனம் விட்டுப் பேசினார். "பாருங்க, நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. இதை வீக்கம்னே வெச்சுக்குவோம். அப்ப அந்தப் பூஜ்யத்தை ஒண்ணு ஆக்கணும். அது எனாமல் பெயிண்ட். எழுதின ஆளு சுரங்க வேலைக்குப் போயிட்டான். தேசிய விருதுக்கு நாங்க எழுதிப் போட்டது பூஜ்யத்துக்குத்தான், ஒண்ணுக்கு எவன் விருது குடுப்பான்? ஒரு கைக்காக இத்தனை கைகள் உழைச்ச உழைப்பு வீணாப் போகலாமா?"

மறுநாள் மறுபடி ஒப்பிட வந்தார்கள். கை அதற்குள் அட்டையில் "சுட்ட செங்கல்" பக்கம் போயிருந்தது. எடெல்மிரா அட்டையைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு டாக்டரோடு வராந்தாவில் ஏதோ பேசிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் அட்டையைக் காணோம். கட்டிலில் உட்கார்ந்திருந்த பொன்சியானாவை எழுப்பிவிட்டு மெத்தையைப் புரட்டினார்கள், என் கட்டுக்குள்கூடப் பார்த்தார்கள். அவர்களே ஒளித்துவிட்டு நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். அட்டை இல்லாததால் கை முந்தின நாள் முடிவின்படி இளம் ரோஜாவாகவே இருக்கும் என்று கமிட்டி அறிவித்தது. கண்ணாடி பிளாஸ்டர் பார்ப்பவர்களை வீணாகக் கலவரப்படுத்துகிறது என்று அதன்மேல் பருத்திப் பிளாஸ்டரைத் தடிமனாக ஒட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஊசி போட்ட கை வீங்கினால் உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி வைத்துக் கட்டுவோம். எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வைத்தியம். பொன்சியானா ரவிக்கைக்குள் கிழங்கை ஒளித்துக் கொண்டுவந்து, வாசல் காவலாளியைத் தாண்டி, பிளாஸ்டர் ஓரமாகச் சீவல்களைச் செருகிவிட்டாள். எவாரிஸ்தோ முதல் தடவையாகக் கண்ணை மூடினார். அந்த நிம்மதி சாப்பாட்டு வேளைவரைதான். ஒரு சீவல் நழுவிப் போர்வையில் விழுந்ததை எடெல்மிரா கண்டுபிடித்துவிட்டார்.

கமிட்டிக்குக் கிழங்கைக் கண்டதில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் பார்க்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது. கையில் என்ன கோளாறு இருந்தாலும் அது கிழங்கினால் வந்தது. சீவலைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி எடுத்துப் போனார்கள். பொன்சியானாவின் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் எவாரிஸ்தோவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. காய்ச்சல். பல் கிடுகிடுக்க, "என் கை போச்சுன்னா கடை போச்சு," என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. கட்டிய காலோடு ஒரு மனிதனால் செய்ய முடிந்தது கத்துவது ஒன்றுதான். கத்தினேன். என் பெயர் என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மறியல் முடிந்து பெரியவர் வந்து சேர்ந்தார். வார்டுக்குள் பாண்டு வாத்தியம் நுழைந்தது. டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகுழலை வைக்க இடமில்லாமல் என் கட்டிலில் வைத்தார்கள். ஒயின் பாட்டிலை டிரிப்ஸ் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். திறப்பு விழாவில் குடும்பம் இல்லாவிட்டால் போட்டோ நன்றாக இராது என்று பொன்சியானாவையும் உள்ளே விட்டார்கள். எவாரிஸ்தோவைத் தலையணை வைத்து நிமிர்த்தி, தலை வாரி, ரிப்பன் தெரியும்படி கையை ஒரு மெத்தைமேல் வைத்தார்கள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது.

பெரியவர் பேசினார். ஒரு காலத்தில் நோயாளிக்காக ஊசி என்று இருந்தது, அந்தக் குறுகிய பார்வையைத் தாண்டி வந்துவிட்டோம் என்றார். நோயாளிகள் வருவார்கள், போவார்கள், திட்டம்தான் நிலைத்து நிற்கும் என்றார். டாக்டர் பாலோமினோ, இந்த வார்டில் நோயாளியை மையத்தில் வைத்திருக்கிறோம், அதனால்தான் எங்களுக்கு அவரைச் சுற்றி நிற்க இவ்வளவு இடம் கிடைக்கிறது என்றார். எடெல்மிரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருவானவர் தண்ணீர் தெளித்தார். அந்த வார்டில் மத்தியானம் நான் பார்த்த முதல் தண்ணீர் அது.

டான் கசிமிரோ சுத்தியலால் பாட்டிலைத் தட்டினார். ஒயின் கட்டில்மேல் தெறித்தது. ரிப்பனை வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டுப் பொன்சியானா இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

"கும்பாரி," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள். "பிள்ளைக்குப் பேர் வெச்சாச்சு. இனிமே அது உங்க பிள்ளையும்தான். எங்க வீட்டுக்காரர் கையில அது சரியா வளரல. நீங்களே தூக்கிட்டுப் போயிருங்க. இதுதான் உங்க கும்பாரிச்சி கேக்கற மொத வரம்."

 பாண்டு வாத்தியத்தின் முன்னால், குருவானவர் முன்னால், கும்பாரியின் முதல் வரத்தை மறுத்தவன் எங்கள் ஊரில் அதற்குப் பிறகு கடை நடத்த முடியாது. சவப்பெட்டிக் கடைகூட நடத்த முடியாது. டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். டான் கசிமிரோ கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, ஞானப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பிளாஸ்டரைத் தானே மெதுவாக உரித்தார். நாற்றம் என் கட்டில்வரை வந்தது. டிரைவர் கேமராவைக் கீழே இறக்கினான்.

டான் கசிமிரோ அந்தக் கையை ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு சாதாரணக் குரலில் பேசினார்.

"டாக்டர், இந்தக் கையை எனக்குத் தெரியும். இந்த மாதிரிக் கைகளை நெஞ்சு மேல மடிச்சு வெக்கிறது நான்தான். வீக்கத்தோட மடிக்கிறது கஷ்டம், ஜெபமாலை நிக்காது. உங்க போர்டுல பூஜ்யம்னு இருக்கு, நான் தப்புச் சொல்லல. எல்லாம் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்த பெறகுதான் வீங்குதுபோல. இந்தப் பிள்ளைய எடுத்துருங்க."

 பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாண்டு மாஸ்டர் கையைக் காட்ட, வாத்தியங்கள் முழங்கின. அந்த இரைச்சலுக்கு நடுவில் எடெல்மிரா ஊசியை உருவினார். எவாரிஸ்தோ போட்ட சத்தம் டிரம்பெட்டில் கரைந்துபோனது. பெரியவர் தாளம் தப்பாமல் கை தட்டினார்.

அந்த ஊசி இப்போது ஆஸ்பத்திரி வாசலில் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. "முதல் ஊசி. பணி இனிதே நிறைவு." பக்கத்தில் குப்பியில் கிழங்குச் சீவல், எச்சரிக்கைக்காக. எவாரிஸ்தோவை உடனே கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் அறுவை சிகிச்சை வராந்தாவில் போட்டார்கள். போர்டு எங்கள் வார்டுக்கு மட்டும்தான், வராந்தாவில் வீங்கலாம். அங்கே புறங்கையைக் கீறிச் சீழ் எடுத்து, வலதுகையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தது. கையும் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாகச் சேரவில்லை. எதைப் பிடித்தாலும் கை ஆடியது.

எனக்குக் கால் சேர்ந்து கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு, தாடியை எடுக்கலாம் என்று சலூனுக்குப் போனேன். கண்ணாடிக்கு மேலே புதுப் போர்டு. வெள்ளைப் பலகை, நீல எனாமல். "எவாரிஸ்தோ சலூன். வெட்டுக்காயம்: பூஜ்யம்." எனக்குச் சந்தேகம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை.

நாற்காலியில் டாக்டர் பாலோமினோ. பூஜ்யத்துக்கான தேசிய விருதை வாங்க மறுநாள் தலைநகருக்கு விமானம். பொன்சியானா அவர் கழுத்தில் துணியை இறுக்கிக் கட்டினாள். எவாரிஸ்தோ சவரக் கத்தியை இடதுகையில் எடுத்தார். கத்தி ஆடுவதை டாக்டர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"எவாரிஸ்தோ, இந்தக் கை வேணாமே. வலதுகையால பண்ணுங்களேன்."

"எந்தக் கைன்னு நான் சொல்ல வந்ததை அன்னிக்கு யாரும் கேக்கலையே, டாக்டர்."

ஒரு கன்னம் முடிந்தது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை உள்ளே இழுத்தார். எரிகிறது, ரத்தம் வருகிறதா பாருங்கள் என்றார். எவாரிஸ்தோ குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை. பொன்சியானா இழுப்பறையைத் திறந்து ஒரு கலர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். எவாரிஸ்தோ அதை டாக்டரின் தாடைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டார்.

"இளம் ரோஜா," என்றார். "குளிருதான். உசரமான ஊரில்லையா."

பிறகு தாடைமேல் பருத்திப் பிளாஸ்டரைத் தடிமனாக ஒட்டிவிட்டு, கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றார். டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். பொன்சியானாவின் இரண்டு கைகளும் அவர் தோளில் இருந்தன.

"இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு," என்றார் எவாரிஸ்தோ. "அசையாதீங்க, அப்பா."